பந்து பிடிப்பவர்கள் போன பிறகு: என்.எஃப்.எல். அணி அந்த இடத்தை நிரப்புவது எப்படி?

2022 மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் கடைசிக்குள், ஆறே வாரங்களில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் மூன்று முன்னணி ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) அணி மாறினார்கள். டவான்டே ஆடம்ஸ் கிரீன் பே பேக்கர்ஸிலிருந்து ரெய்டர்ஸுக்குப் போனார். டைரீக் ஹில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸிலிருந்து மயாமிக்கு. ஏ.ஜே. பிரவுன் டென்னசி டைட்டன்ஸிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு. அந்த சீசன் முடிந்தபோது சீஃப்ஸ் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்திருந்தது. பேக்கர்ஸ் 8-9, அதாவது 8 வெற்றி, 9 தோல்வி என்று நின்றது. டைட்டன்ஸ் 7-3 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்து, கடைசி ஏழு ஆட்டங்களையும் தோற்று 7-10இல் முடித்தது.

சீஃப்ஸிடம் பந்தை எறியும் குவாட்டர்பேக்காக பேட்ரிக் மஹோம்ஸ் இருந்தார், அதனால் தப்பித்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் பேக்கர்ஸிடமும் ஆரன் ரோஜர்ஸ் இருந்தார். 2020, 2021 இரண்டு வருடமும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது அவருக்குத்தான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. சீஃப்ஸ் ஹில்லுக்கு மாற்றாக இன்னொரு ஹில்லைத் தேடவில்லை. ஹில் செய்துவந்த வேலைகளைப் பிரித்து நாலைந்து பேரிடம் கொடுத்தது. டைட்டன்ஸ் பிரவுனைக் கொடுத்து வாங்கிய 18ஆவது டிராஃப்ட் தேர்விலேயே (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட்), பிரவுனைப் போலவே உடல்வாகுள்ள டிரேலான் பர்க்ஸை எடுத்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான். பொது மேலாளர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: போனது யார் என்று பார்க்காமல், போனது என்ன என்று எண்ணுங்கள்

பேனாவும் தாளும் போதும். போன சீசனில் உங்கள் அணி எத்தனை பாஸ் எறிந்தது, அதில் போனவரை நோக்கி எத்தனை வந்தன என்று எழுதுங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒருவரை நோக்கி வரும் எறிதல்தான் டார்கெட். யார்டு (முன்னேறிய தூரம்), டச்டவுன் (பந்தை எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) கணக்கை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம், அவை விளைவுகள். வேலையின் அளவு டார்கெட்டில்தான் தெரியும்.

கற்பனையாக ஒரு அணி. 17 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 34 பாஸ், மொத்தம் 578. போன முதல் ரிசீவருக்கு 150 டார்கெட், அவரோடு சேர்ந்து போன இன்னொருவருக்கு 80. ஆக 230 பந்துகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. நாற்பது சதவீதம் காலி என்பது தலைப்புச் செய்தியில் பயங்கரமாகத் தெரியும். இப்போது அதைக் கரையுங்கள்.

ஆட்டத்துக்கு 2 பாஸைக் குறைத்து, பந்தைக் கையில் கொண்டு ஓடும் ரன்னுக்கு மாற்றினால் 34 போய்விடும். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும், தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டும் சேர்ந்து ஆட்டத்துக்கு ஒன்றரை பந்து கூடுதலாக வாங்கினால் சுமார் 25. இரண்டாம் ரிசீவருக்கு ஆட்டத்துக்கு 2 கூட்டினால் 34. மூன்றாமவருக்கு ஒன்றரை கூட்டினால் 25. மொத்தம் 118 கரைந்தது, மிச்சம் 112. அதாவது ஆட்டத்துக்கு ஆறரைப் பந்து. வெளியிலிருந்து வாங்க வேண்டியது அவ்வளவுதான். 112ஐ ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. 65, 47 என்று இரண்டு நடுத்தர ஆட்கள் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் ரிசீவருக்கு 34 பந்து கூட்டினோம். ஆனால் நேற்றுவரை அவர் எதிரணியின் இரண்டாம் கார்னர்பேக்கை (ரிசீவரை மறிப்பவர்) எதிர்த்து ஓடினார். இனி முதல் கார்னர்பேக் அவர் மேல் வருவார், மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) பின்வரிசையில் நிற்கும் ஒரு சேஃப்டியும் கூடவே சாய்வார். அவருடைய பழைய சராசரியை அப்படியே புதிய டார்கெட் எண்ணால் பெருக்காதீர்கள். ஒருவர் ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் (குறித்துக் கொடுத்த ஓட்டப் பாதை) எத்தனை யார்டு எடுத்தார் என்ற எண்ணை எடுத்து, அவர் ஒருவரோடு ஒருவர் நின்ற மேன் கவரேஜ் ஸ்னாப்களில் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது ஸ்னாப்) மட்டும் அது எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். அங்கே பாதியாக விழுந்தால் அவர் முதல் ஆள் இல்லை. இதைப் பார்க்காமல் பதவி உயர்வு கொடுத்து அக்டோபரில் முழித்த அணிகள் உண்டு.

படி 2: அந்த 230ஐ வேலை வேலையாகப் பிரியுங்கள்

ஃபிலிம் போட்டு ஒவ்வொரு டார்கெட்டுக்கும் நாலு குறிப்பு எழுதுங்கள்: எங்கே நின்றார், என்ன ரூட், எந்த கவரேஜ், எந்த டவுன்.

நிற்கும் இடம் முதலில். எக்ஸ் ரிசீவர், பந்து வைக்கப்படும் கோட்டின் மேலேயே, பெரும்பாலும் டைட் எண்டுக்கு எதிர்ப்பக்கம், தனியாக நிற்பவர். ஸ்னாப்புக்கு முன் நகர முடியாது. எதிரே நிற்கும் கார்னர்பேக் நெஞ்சில் கைவைத்துத் தடுப்பார். அந்த பிரஸ்ஸை உடைத்துக்கொண்டு வெளியே வருவது தனித் திறமை, அது எல்லோருக்கும் வராது. இசட் ரிசீவர் கோட்டுக்கு ஒரு அடி பின்னால் நிற்பார், மோஷனில், அதாவது ஸ்னாப்புக்கு முன்பே, நகரலாம், தொடக்கத்திலேயே கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஸ்லாட்டில் (வெளிப்பக்க ரிசீவருக்கு உள்பக்கம்) நிற்பவருக்கு இரண்டு பக்கமும் ஓட வழி உண்டு, ஆனால் எதிரணியில் நடுவில் நிற்கும் லைன்பேக்கர், கூடுதலாக இறங்கும் நிக்கல் பேக், சேஃப்டி மூவரையும் ஓடிக்கொண்டே படிக்கத் தெரிய வேண்டும்.

நம் 230இல் எக்ஸ் இடத்திலிருந்து 95, ஸ்லாட்டிலிருந்து 90, இசட்டிலும் மோஷனிலும் 45 என்று வந்தால், நீங்கள் தேட வேண்டிய ஆட்களின் உருவம் இப்போதே பாதி தெரிந்துவிடும். சந்தையில் அதிகம் கிடைப்பவர்கள் ஸ்லாட் ஆட்கள். மிகக் குறைவாகக் கிடைப்பவர் எக்ஸ். அதனால் எக்ஸ் வேலையை உள்ளேயே யாராவது செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். கையிலிருக்கும் பணத்தில் பாதி மிஞ்சும்.

பந்து வராமலே செய்யும் ஒரு வேலையும் உண்டு. அதை டார்கெட் கணக்கு காட்டவே காட்டாது. ஹில் மாதிரி ஒருவர் களத்தில் இருந்தால் சேஃப்டி 18, 20 யார்டு ஆழத்தில் நிற்பார். அவர் போனதும் அதே சேஃப்டி 12 யார்டுக்கு இறங்கி வருவார். இப்போது 12 முதல் 15 யார்டில் உள்பக்கம் முறியும் டிக் ரூட் அவர் மடியில் விழும். ரன் ஆட்டத்திலும் பெட்டிக்குள் (கோட்டை ஒட்டிய நடுப்பகுதி) எதிரணிக்கு ஒரு ஆள் கூடுவார். ஆகவே பந்து வராவிட்டாலும் முழு வேகத்தில் ஆழமாக ஓடி சேஃப்டியை இழுத்துக்கொண்டு போக ஒருவர் வேண்டும். சீஃப்ஸ் அதற்காகத்தான் மார்கெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங்கை மூன்று வருடம் 3 கோடி டாலருக்கு எடுத்தது. 2022இல் அவர் பிடித்தது 42 பந்துதான், 687 யார்டு. அந்த எண்ணைப் பார்த்துக் கேலி செய்தவர்கள், அவர் ஓடிக் காலி செய்துகொடுத்த இடத்தில் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 110 பந்து பிடித்து 1,338 யார்டு எடுத்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் டவுன் டார்கெட்டுகளையும், எதிரணியின் 20 யார்டுக்குள் வந்தவற்றையும் தனித்தாளில் எழுதுங்கள். எண்ணிக்கையில் சின்னவை, ஆனால் புள்ளிகள் அங்கேதான். சிவப்பு மண்டலம் எனப்படும் அந்த 20 யார்டில் ஆழம் சுருங்கிவிடுவதால் வேகத்துக்கு மதிப்பு குறைந்து, உடலால் மறைத்துப் பிடிப்பதும் சூழ்ச்சியான வடிவங்களும் கைகொடுக்கும். சீஃப்ஸ் 2022இல் அங்கே ரன்னிங் பேக் ஜெரிக் மெக்கின்னனைப் பயன்படுத்தியது; பாஸ் பிடித்தே 9 டச்டவுன் அடித்தார். ரிசீவர் பட்டியலில் அவர் பெயரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

படி 3: பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் டெட் மணி

ஒருவரை வர்த்தகத்தில் அனுப்பினாலும் வெட்டினாலும், அவருக்கு ஏற்கனவே கொடுத்த ஒப்பந்தக் கையொப்பத் தொகை சேலரி கேப் (அணி ஒரு வருடத்தில் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) கணக்கிலிருந்து மறையாது. அந்தத் தொகையை அதிகபட்சம் ஐந்து வருடங்களுக்குப் பரப்பி எழுதலாம். 4 கோடி டாலர் கொடுத்திருந்தால் வருடத்துக்கு 80 லட்சம். இரண்டு வருடம் கழித்து அவர் போனால், மீதி மூன்று வருடத்தின் 2.4 கோடியும் அந்த வருடமே கணக்கில் இறங்கும். இதுதான் டெட் மணி. ஜூன் 1க்குப் பிறகு பிரிந்தால் நடப்பு வருடப் பங்கு இந்த வருடமும் மற்றவை அடுத்த வருடமும் விழும்.

பஃபலோ பில்ஸ் 2024 ஏப்ரலில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது சுமார் 3.1 கோடி டாலர் டெட் மணியை ஒரே வருடத்தில் விழுங்கியது. அந்த வருடத்தின் கேப் 25.54 கோடி. அதாவது எட்டில் ஒரு பங்குக்கு ஆள் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே செய்தார்கள். அடுத்த வருடக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். நீங்களும் இந்த முடிவை முதலில் எடுங்கள்: வலியை ஒரே வருடத்தில் தாங்கினால் மாற்று ஆட்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும், தள்ளிப்போட்டால் இந்த வருடம் கொஞ்சம் பணம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவதுதான் மோசம்.

படி 4: மார்ச் சந்தை

லீக் வருடம் மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை கிழக்கு நேரம் மாலை 4 மணிக்குத் தொடங்கும். அதற்கு இரண்டு நாள் முன்பே ஏஜென்டுகளிடம் பேச அனுமதி உண்டு. முதல் ஆறு மணி நேரத்தில் விலை உச்சத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 65, 47 பந்து வாங்கும் ஆட்கள் என்றால் அந்த ஆறு மணி நேரத்தில் தொலைபேசியைக் கீழே வையுங்கள். இரண்டாம் வாரத்தில் நடுத்தர ரிசீவர்கள் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு இறங்கி வருவார்கள்; தன்னை நிரூபித்து அடுத்த வருடம் பெரிதாக வாங்கலாம் என்ற கணக்கு அவர்களுக்கு. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரை சீஃப்ஸ் 2022இல் அந்த மாதிரி ஒப்பந்தத்தில்தான் பிடித்தது: ஒரு வருடம், பெரும்பகுதி ஊக்கத்தொகை. 78 பந்து, 933 யார்டு.

மறந்துவிடக்கூடாத ஒன்று ஈட்டுத் தேர்வு. உங்கள் ரிசீவர் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாக வேறு அணிக்குப் போயிருந்தால், அடுத்த வருட டிராஃப்டில் மூன்றாம் சுற்றுக் கடைசியிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் உங்களுக்கு ஒரு தேர்வு கிடைக்கலாம். ஆனால் நீங்கள் அதே மாதிரி ஒருவரை வாங்கினால் அது ரத்தாகிவிடும். ரத்தாகாமல் வாங்க இரண்டு வழி. பழைய அணி வெட்டிவிட்ட ஆளை எடுப்பது ஒன்று. அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். டிராஃப்ட் முடிந்த திங்கட்கிழமை வரை பொறுத்து அதன்பின் கையெழுத்து வாங்குவது இன்னொன்று. மே மாதத்தில் திடீரென்று மூத்த ரிசீவர்கள் பலர் ஒப்பந்தமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூத்தவரை எடுக்கும்போது அவருடைய முழங்கால் அறிக்கையை அவருடைய புள்ளிவிவரத்தை விட அதிக நேரம் படியுங்கள். டைட்டன்ஸ் 2022இல் பர்க்ஸோடு சேர்த்து நம்பியது ராபர்ட் வுட்ஸை. அவர் முந்தைய நவம்பரில்தான் முழங்கால் தசைநார் கிழிந்து வந்தவர். ஒரு புதுமுகம், ஒரு காயம் ஆறியவர். இருவரும் ஒரே நேரத்தில் தடுமாறினால் தாங்க மூன்றாவது ஆள் இல்லை. டிசம்பர் 4ஆம் தேதி பிரவுன் தன் பழைய அணிக்கு எதிராகவே 119 யார்டு, 2 டச்டவுன் அடித்தார். இரண்டு நாளில் பொது மேலாளர் ஜான் ராபின்சன் வேலை இழந்தார்.

படி 5: டிராஃப்டில் எடுப்பது என்றால்

புதுமுக ரிசீவரை எடுப்பதற்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள். நான்கு வருடம் மலிவான சம்பளம். மினசோட்டா 2020இல் டிக்ஸை பஃபலோவுக்குக் கொடுத்து வாங்கிய 22ஆவது தேர்வில் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் வருடமே 88 பந்து, 1,400 யார்டு. அந்த ஒரு உதாரணம் பல மேலாளர்களை ஏமாற்றியிருக்கிறது. அதில் கவனிக்காமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. ஜெஃபர்சன் முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 70 யார்டுதான் எடுத்தார், தொடக்க வரிசையிலும் இல்லை. மூன்றாம் வாரம்தான் 175 யார்டு வெடித்தது. அந்த அவகாசத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் ஆடம் தீலன். அதே சீசனில் 14 டச்டவுன் பிடித்த மூத்தவர் மறுபக்கம் நின்றதால் எதிரணிகளால் புதுமுகத்தின் மேல் இரண்டு பேரை வைக்க முடியவில்லை.

கல்லூரியில் பார்க்க வேண்டியது என்ன? பிரஸ்ஸுக்கு எதிராக எத்தனை ஸ்னாப் ஆடியிருக்கிறார் என்பது முதல் கேள்வி. பரந்த வடிவங்களில் ஆடும் கல்லூரி அணிகளில் ரிசீவருக்கு எதிரே யாரும் நெருங்கி நிற்பதே இல்லை. அவரை எக்ஸ் இடத்தில் போட்டால் முதல் மாதம் கோட்டைத் தாண்டவே திணறுவார். அவரை ஸ்லாட்டிலும் இசட்டிலும் தொடங்குங்கள். இரண்டாவது, ரூட்டை முறிக்கும்போது எத்தனை அடியில் நிற்கிறார். 15 யார்டு ஓடி மூன்று அடியில் நிற்பவர் பிரிவார். ஐந்து, ஆறு அடி எடுப்பவரோடு கார்னர்பேக்கும் சேர்ந்தே நிற்பார். மூன்றாவது, தன் உடலுக்கு வெளியே வரும் பந்தைக் கையால் பிடிக்கிறாரா, நெஞ்சில் வாங்குகிறாரா.

40 யார்டு ஓட்ட நேரம் நாலாவதாக வரட்டும். பூகா நகூவா 2023இல் ஐந்தாம் சுற்றில், 177ஆவது தேர்வாக, ராம்ஸுக்கு வந்தார். அந்த அணியின் ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை. அந்த வெற்றிடத்தில் நுழைந்து 105 பந்து, 1,486 யார்டு என்று புதுமுகங்களுக்கான யார்டு சாதனையையே உடைத்தார். ஓட்ட நேரத்தில் அவர் யாரையும் மிரட்டியவர் இல்லை.

ஒரே வருடத்தில் இரண்டு அல்லது மூன்று பேரை எடுப்பது ஒருவர் மேல் எல்லாவற்றையும் வைப்பதை விட நல்லது என்பது எங்கள் கட்சி. பேக்கர்ஸ் அதைத்தான் செய்தது, விலை ஒரு வருடம். 2022இல் 34ஆவது இடத்துக்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சன், நான்காம் சுற்றில் ரோமியோ டவுப்ஸ். 2023இல் ஜேடன் ரீட், டைட் எண்டுகள் லூக் மஸ்கிரேவ், டக்கர் கிராஃப்ட், ஐந்தாம் சுற்றில் டான்டேவியன் விக்ஸ். 2023 சீசனில் அந்தக் கூட்டத்தோடு, ரோஜர்ஸுக்குப் பின் வந்த குவாட்டர்பேக் ஜார்டன் லவ் 32 டச்டவுன் எறிந்து, பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) டல்லஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று வீழ்த்தினார். அவசரக்கார உரிமையாளர் உள்ள அணிக்கு இந்த வழி சரிப்படாது.

படி 6: வடிவத்தை மாற்றுங்கள், ஆளை மட்டும் அல்ல

போனவருக்காக எழுதிய ஆட்டப் புத்தகத்தைப் புதியவரிடம் கொடுப்பதுதான் பெரும்பாலான தோல்விகளின் வேர். தனியாக நின்று பிரஸ்ஸை உடைத்து ஜெயிக்கும் ஆள் போய்விட்டால், தனியாக நின்று ஜெயிக்க வேண்டிய ஆட்ட வடிவங்களைக் குறைக்க வேண்டும்.

முதல் கருவி மோஷன். ஸ்னாப்புக்கு முன் ஒருவரை நகர்த்தினால், ஒரு டிஃபெண்டர் கூடவே ஓடினால் மேன், ஓடாமல் எல்லோரும் அரை அடி சரிந்தால் ஸோன் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) என்று குவாட்டர்பேக்குக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். நகர்ந்துகொண்டே கிளம்புபவர் மேல் பிரஸ் வைக்கவும் முடியாது. 57ஆவது சூப்பர் பவுலின் நான்காம் காலில் சீஃப்ஸ் அடித்த இரண்டு டச்டவுன்களைப் பாருங்கள். ரிசீவர் உள்பக்கம் நகரத் தொடங்கி, டிஃபெண்டர் மறுபக்கம் ஓட எத்தனிக்கும்போது, சட்டென்று திரும்பி வெளியே ஓடினார். முதலில் கடாரியஸ் டோனி, பிறகு மறுபக்கத்தில் ஸ்கை மோர். இருவருமே தன்னந்தனியாக நின்று பிடித்தார்கள். மோர் அந்த வருட வழக்கமான சீசன் முழுவதும் 22 பந்துதான் பிடித்திருந்தார், டச்டவுன் ஒன்றுகூட இல்லை. வடிவம் சரியாக இருந்தால் சாதாரண ஆள் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

இரண்டாவது, பன்ச், ஸ்டாக். மூன்று பேரை நெருக்கமாகவோ இருவரை ஒருவர் பின் ஒருவராகவோ நிறுத்துவது. பின்னால் நிற்பவரைத் தொட முடியாது. டிஃபெண்டர்கள் யாரை யார் எடுப்பது என்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கும், அந்தப் பேச்சில் அரை நொடி போகும். வேகம் குறைந்த ரிசீவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

மூன்றாவது, டைட் எண்டுகளைக் கூட்டுவது. வழக்கமான 11 பர்சனல் என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர். 12க்குப் போனால் இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர். உங்கள் பலவீனமான மூன்றாம் ரிசீவர் பெஞ்சில் உட்காரலாம். எதிரணி கனமான லைன்பேக்கரை இறக்கினால் அவர் மேல் பாஸ் எறியுங்கள், லேசான நிக்கல் பேக்கையே வைத்திருந்தால் ரன் ஓடுங்கள். இதற்கு ஒரு நிபந்தனை: இரண்டாம் டைட் எண்ட் தடுக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிடிக்க மட்டுமே தெரிந்தவர் என்றால் எதிரணி அவரை ரிசீவராகவே எண்ணிக்கொள்ளும், உங்கள் சூழ்ச்சி அங்கேயே செத்தது.

பஃபலோவின் 2024 இந்தப் படிக்கு முழுப் பாடம். டிக்ஸும் கேப் டேவிஸும் போனார்கள். இருவரும் 2023இல் சேர்ந்து 152 பந்து பிடித்திருந்தவர்கள். வந்தவர்கள்: இரண்டாம் சுற்றின் முதல் தேர்வாக கியான் கோல்மன், ஃப்ரீ ஏஜென்டாக கர்டிஸ் சாமுவேல், மலிவாக மேக் ஹாலின்ஸ். முதல் ஆள் என்று யாரையும் அறிவிக்கவில்லை. ஸ்லாட்டில் கலீல் ஷகீர் 76 பந்து, 821 யார்டோடு அணியின் உச்சம். ஆயிரம் யார்டு யாருக்கும் இல்லை. ஆனாலும் 525 புள்ளி, 13-4, குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு எம்.வி.பி. சீசன் முழுவதும் எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் 8தான். ஆலன் 14 முறைதான் சாக் ஆனார், அதாவது எறியுமுன் வீழ்த்தப்பட்டார். ரிசீவர் வெற்றிடத்தை முன்னால் தடுக்கும் லைனும் ரன்னும் கவனமான எறிதலும் சேர்ந்து மூடின. அங்கே ரிசீவர்களைத் தேடி மட்டும் விடை கிடைக்காது.

படி 7: குவாட்டர்பேக்கோடு நேரம்

இது நாள்காட்டியில்தான் ஜெயிக்கும், தோற்கும். மே, ஜூன் மாதப் பயிற்சிகள் விருப்பப் பயிற்சிகள். ஜூன் மினிகேம்ப் மட்டும் கட்டாயம். 2022இல் ரோஜர்ஸ் விருப்பப் பயிற்சிகளுக்கு வரவில்லை. அது அவர் உரிமை, பழைய ரிசீவர்கள் இருந்தபோது நஷ்டமும் இல்லை. புதுமுகங்கள் வந்த வருடத்தில் அதே பழக்கத்துக்கு விலை இருந்தது. முதல் வாரம் மினசோட்டாவில் அணியின் முதல் ஸ்னாப்பிலேயே ஆழமான பந்து வாட்சன் கையில் வந்து நழுவியது. 75 யார்டு டச்டவுன் ஆகியிருக்கும். நவம்பர் நடுவில்தான் அவர் டல்லஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 டச்டவுன் பிடித்தார். இடையிலிருந்த மாதங்கள் திரும்பி வரவில்லை.

பயிற்சியில் எதை முதலில்? முழு ரூட் பட்டியலையும் ஓட்டாதீர்கள். குவாட்டர்பேக் மிகவும் விரும்பி எறியும் ஐந்து ரூட்டை எடுங்கள், உதாரணமாக ஸ்லான்ட், 12 யார்டு அவுட், டிக், கம்பேக், போஸ்ட். ஒவ்வொன்றையும் காற்றில், யாரும் தடுக்காமல், முறியும் ஆழம் அரை யார்டுகூடத் தவறாத வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். அதன்பின்தான் ஆப்ஷன் ரூட்: ஸோன் என்றால் நில், மேன் என்றால் ஓடு. எதிரணி பந்தைப் பிடித்துவிடும் இடைமறிப்புகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன. ரிசீவர் நின்றார், பந்து அவர் ஓட வேண்டிய இடத்துக்குப் போனது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது குவாட்டர்பேக் குருடர் மாதிரி தெரிவார்.

பிளிட்ஸ் வந்தால் (குவாட்டர்பேக் மேல் எதிரணி கூடுதல் ஆட்களை ஏவினால்) ஸ்லாட் ஆள் ரூட்டைச் சுருக்கித் திரும்ப வேண்டும். அதைத் தனியாக, வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள்.

நழுவவிடுவதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை, கண்தான். பந்து கைக்குள் வருவதற்கு முன்பே அடுத்து எங்கே ஓடலாம் என்று பார்வை திரும்பிவிடும். மெஷினில் நூறு பந்து பிடிப்பதோடு, பிடித்த பந்தை விலாவில் செருகும் வரை கண் அதன் மேலேயே இருக்கிறதா என்று பயிற்சியாளர் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். 2023 தொடக்க ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக டோனியின் கையில் பட்டுத் தெறித்த பந்தை பிரையன் பிராஞ்ச் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். சீஃப்ஸ் 21-20 என்று தோற்றது. அன்று கெல்சியும் முழங்கால் காயத்தால் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம் ஆட்டங்களைத் தின்றுவிடும்: கோட்டில் நிற்கும் இடம். தாக்கும் அணி ஸ்னாப்பின்போது ஏழு பேரையாவது கோட்டில் வைக்க வேண்டும், கோட்டில் இருப்பவர்களில் இரு நுனியிலும் நிற்பவர்கள் மட்டுமே பாஸ் பிடிக்கத் தகுதி. இசட் தவறிக் கோட்டில் ஏறிவிட்டால் உள்ளே நிற்கும் டைட் எண்ட் தகுதி இழப்பார். அதிகம் முன்னேறி நின்றால் ஆஃப்சைடு. 2023 டிசம்பர் 10 அன்று பஃபலோவுக்கு எதிராக, கெல்சி பிடித்துப் பின்னால் எறிந்து முடிந்த அபாரமான டச்டவுன் டோனி முன்னேறி நின்றதால் ரத்தானது. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன் பக்கவாட்டு நடுவரைப் பார்த்து இடம் சரியா என்று கைகாட்டிக் கேட்கும் பழக்கத்தைப் புதியவருக்கு ஆகஸ்டிலேயே ஏற்றிவிடுங்கள்.

படி 8: சீசன் தொடங்கிய பின்

முதல் நான்கு வாரத்தில் டார்கெட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். எத்தனை பாஸ் ஸ்னாப்பில் களத்தில் இருந்தார் என்ற எண்ணைப் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் ஓடியும் பந்து வரவில்லை என்றால் குவாட்டர்பேக் அவரை நம்பவில்லை, அல்லது அவர் பிரியவில்லை. ஃபிலிம் எது என்று சொல்லும். 50 சதவீதத்திலேயே நின்றால் பயிற்சியாளர்தான் நம்பவில்லை.

ஒருவர் மேலேயே எல்லாம் சாய்கிறதா என்பதையும் வாரம் தவறாமல் பாருங்கள். சார்ஜர்ஸ் 2024இல் கீனன் ஆலனை அனுப்பி, மைக் வில்லியம்ஸை வெட்டி, 34ஆவது தேர்வில் லாட் மெக்கான்கியை எடுத்தது. 82 பந்து, 1,149 யார்டு. தேர்வு அபாரம், 11-6, பிளேஆஃப். ஆனால் ஹூஸ்டனுக்கு எதிரான அந்த பிளேஆஃப் ஆட்டத்தில் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்டின் 242 யார்டில் 197 மெக்கான்கி ஒருவருடையது. மற்ற யாரும் கைகொடுக்காமல் நான்கு இடைமறிப்பு, 32-12 தோல்வி. ஸ்லாட் வேலை நிரம்பியது, வெளிப்பக்க வேலை நிரம்பவில்லை. படி 2இன் தாளை ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் அங்கே ஒரு கட்டம் காலியாகவே இருந்திருக்கும்.

அந்தக் காலிக் கட்டம் அக்டோபரிலேயே தெரிந்தால் வர்த்தகக் கெடு வரை காத்திராதீர்கள். கெடு நெருங்க விலை ஏறும், வந்தவருக்குப் பயிற்சி வாரமும் குறையும். வருபவருக்கு முழுப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். முதல் வாரம் பத்துப் பன்னிரண்டு ஆட்ட வடிவம், அவர் பழைய அணியில் ஓடிய ரூட்டுகளிலிருந்தே, நம் பெயரில். கோட்டில் ஒரே பக்கம் நிற்கட்டும். இரண்டு பக்கத்தையும் கற்பது மூன்றாம் வாரத்துக்கு. பஃபலோ 2024 அக்டோபர் 15 அன்று கிளீவ்லேண்டிலிருந்து அமாரி கூப்பரை வாங்கியது. ஐந்து நாள் கழித்து டென்னசிக்கு எதிராக அவர் 4 பந்து பிடித்து 66 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். அதன்பின் மணிக்கட்டுக் காயம் வந்தது. பஃபலோவில் அவருடைய மொத்தக் கணக்கு 20 பந்து, 297 யார்டு. மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கியதற்கு அது குறைவு என்பார்கள். ஷகீருக்கு எதிராக இரண்டாம் ஆளைச் சாய்க்க எதிரணி யோசித்ததே, அதுவும் அந்த விலைக்குள் சேரும்.